மஞ்சளை விட்டுக்கொடுத்தவர்

கடலைக் கண்டு எனக்குப் பயமே இல்லை என்று யாராவது மார்தட்டினால் விசில் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "பயமில்லைன்னு சொல்றவனுக்குக் கடலும் தெரியாது, நீச்சலும் தெரியாது. அவனைத் தூக்கிட்டு வர நான்தான் ஓடணும்" என்பார். மாநகராட்சியின் கடற்கரைக் காவல் பிரிவுக்கு அவர் தலைவி. ஆணும் பெண்ணுமாக ஒரு சின்னப் பட்டாளமே அவருக்குக் கீழே உண்டு. வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. கழுத்தில் தொங்கும் விசில் தூங்கும்போதுகூட இறங்காது. வீட்டில் பால் பொங்கினால் கை முதலில் அடுப்புக்குப் போகாது, விசிலைத் தேடும்.

வீடு பஸ் டிப்போவுக்குப் பின்னால், இரண்டே அறை உள்ள குவார்ட்டர்ஸ். வீட்டுக்காரர் மாநகரப் பஸ் ஓட்டுபவர். ஊருக்கே அவர் 'டிரைவர்'தான். கோபம் வந்தால் அக்காவுக்கும் டிரைவர்தான். பிள்ளை குட்டி இல்லை. அதை நினைத்து இருவரும் ஏங்கிக் கிடக்கவும் இல்லை. ஊர்ப் பிள்ளைகளில் பாதி அக்காவின் கையைப் பிடித்துத்தான் தண்ணீரில் கால் உதைக்கக் கற்றது. சண்டை போடவும் சமாதானம் ஆகவும் தாராளமாக நேரம் இருந்த வீடு. நல்ல வாழ்க்கைதான் என்று அக்கா நினைத்தார், வாய்விட்டுச் சொல்லவும் செய்தார்.

அந்த ஊர்க் கடற்கரையில் மஞ்சள் கொடி பறந்தால் கடல் சாதுவாக இருக்கிறது, இறங்கிக் குளிக்கலாம் என்று பொருள். சிவப்பு பறந்தால் கரையோடு நிற்க வேண்டும். இந்த மஞ்சளுக்குப் பின்னால் பெரிய ஆராய்ச்சி எதுவும் கிடையாது. காவல் பிரிவு தொடங்கிய காலத்தில், சாலைப் பணியாளர் சட்டைக்கென்று வாங்கிய மஞ்சள் துணி மாநகராட்சிக் கிடங்கில் மீந்து கிடந்தது, எடுத்துக் கட்டிவிட்டார்கள். மீந்த துணி ஊர்ப் பெருமை ஆவதற்கு ரொம்ப நாள் ஆகாது. நீச்சல் கற்கும் பிள்ளைகளுக்காக அக்கா ஒரு வரியும் கட்டிவிட்டிருந்தார்: "மஞ்சள் பறந்தா மடி, சிவப்பு பறந்தா இடி." மஞ்சள் என்றால் தாய் மடி, சிவப்பு என்றால் தலையில் இடி. பேச்சு திருந்தாத பிள்ளைகூட மழலையில் அதைச் சொல்லும்.

அதே கரையில் வடக்கே அடுத்த பெரிய ஊரில் கதையே வேறு. அங்கே பச்சை பறந்தால்தான் குளிக்கலாம். மஞ்சள் என்றால் உள்ளே இழுப்பு, அதாவது ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம், ஓடுகிறது, முழங்காலுக்கு மேல் போகாதே என்று எச்சரிக்கை. அந்த ஊரிலிருந்து ஒருமுறை இங்கே சுற்றுலாப் பஸ் ஒன்று வந்தது. கடல் குளம் மாதிரி கிடந்தது, கொடியும் ஜோராகப் பறந்தது. வந்தவர்கள் மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, "என்னய்யா உங்க ஊரு, நாங்க வந்த அன்னிக்குப் பார்த்து மஞ்சளைப் போட்டுட்டீங்களே" என்று புலம்பி, கொண்டுவந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, கால் நனைத்ததோடு திரும்பிப் போனார்கள். ஊர் சிரித்து மாளவில்லை.

இங்கிருந்து அங்கே போனவர்களுக்கு அது சிரிப்போடு முடியவில்லை. கடற்கரைத் தெரு முனையில் தையல் கடை வைத்திருப்பவரின் தம்பி, கூட்டாளிகளோடு அந்த ஊருக்கு ஒருநாள் போனான். கரையில் மஞ்சள் பறந்தது. "மஞ்சள்தான்டா, மடி!" என்று சொல்லிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினான். அந்த ஊர்க் காவலர்கள் விசில் ஊதினார்கள். தன்னை வரவேற்கிறார்கள் என்று நினைத்தானோ என்னவோ, திரும்பிக் கையாட்டினானாம். கூட்டாளிகள் எப்படியோ கரையேறினார்கள், அவன் ஏறவில்லை. அவனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது அக்கா. மடியென்றும் இடியென்றும் சொல்லிக்கொடுத்ததும் அக்காதான். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் தையல்காரர் அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நாலு திட்டு திட்டியிருந்தா எனக்கு மனசு ஆறியிருக்கும்" என்று அக்கா வீட்டுக்கு வந்து டிரைவரிடம் சொல்லிச் சொல்லி அழுதார்.

கடலோர நகரங்களின் கூட்டமைப்பு என்று ஒன்று அப்போதே இருந்தது. இந்தக் கரையில் நான்கு ஊர்கள், கடலுக்கு அந்தப் பக்கம் வேறு நாட்டில் ஒரு ஊர், ஆக ஐந்து. ஒரு ஊர் அருகே கப்பலில் எண்ணெய் கசிந்தால் மற்ற ஊர்கள் மிதக்கும் தடுப்புகளை இரவல் கொடுக்கும். ஜெல்லி மீன் எனப்படும் சொறி மீன் கூட்டம் கரையை நெருங்கினால் பார்த்தவர்கள் அடுத்த ஊருக்குப் போன் போட்டுச் சொல்வார்கள். இதெல்லாம் பொதுமக்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது, மேயர்கள் வரிசையாக நின்று பல்லைக் காட்டும் போட்டோ மட்டும்தான். "கூடுவாங்க, டீ குடிப்பாங்க, கலைவாங்க" என்பது டிரைவரின் கட்சி. அக்காவுக்கும் அதில் பெரிய கருத்து வேறுபாடு இருந்ததில்லை, தையல்காரரின் தம்பி போகும் வரைக்கும்.

அந்த வருஷம்தான் ஐந்து ஊருக்கும் ஒரே கொடி என்ற பேச்சைக் கூட்டமைப்பு எடுத்தது. ஊர் ஊராகக் கடற்கரைக் காவல் தலைவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால், ஆளுக்கொரு கணக்கு. ஒரு ஊரில் வெள்ளையும் கறுப்பும். இன்னொரு ஊரில் சிவப்புக் கொடிக்கு 'காவலர் இங்கே இருக்கிறார், தைரியமாக வாருங்கள்' என்று பொருள். அதைக் கேட்டதும் அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எல்லோரும் பேசிப் பேசி, கடைசியில் தேர்வுக்கு இரண்டுதான் மிஞ்சின. ஒன்று வடக்கு ஊரின் பச்சை, மஞ்சள், சிவப்பு. மற்றொன்று அக்கா ஊரின் மஞ்சளும் சிவப்பும்.

இந்த இடத்தில் அந்தக் கூட்டமைப்பின் விசித்திரமான வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே யாரும் தன் ஊருக்காகப் பேசக் கூடாது. ஆரம்ப காலத்தில் ஆளாளுக்குத் தன் ஊர்ப் பெருமையை அளந்து அளந்தே கூட்டம் முடிந்துவிடுமாம். சலித்துப்போன அக்கரை ஊர்த் தலைவி, சின்ன உருவம், மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் பேசுவார், ஒருநாள் எழுந்து ஒரே போடாகப் போட்டிருக்கிறார்: ஒரு ஊரின் யோசனையை இன்னொரு ஊர்க்காரர்தான் முன்வைக்க வேண்டும், அதுவும் அந்த ஊருக்குப் போய்த் தங்கி, கூட நின்று வேலை பார்த்துவிட்டு வந்துதான் பேச வேண்டும். அன்றிலிருந்து அதுவே சட்டம். அதன்படி அக்கா ஊரின் மஞ்சளுக்காக வடக்கு ஊர்க்காரர் வாதாட வேண்டும், வடக்கு ஊரின் பச்சைக்காக அக்கா வாதாட வேண்டும்.

டிரைவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். "இதுல என்ன கஷ்டம்? அவரு நம்ம கொடியைப் பத்தி நல்லாப் பேசட்டும். நீ அவரு கொடியைப் பத்தி ஒப்புக்குப் பேசு. நடுநடுவுல இருமு. தண்ணி குடி. மஞ்சள் தானா ஜெயிச்சுடும்."

"அது தப்பில்லையாங்க?"

"இருமறது ஒரு தப்பா?"

வடக்கு ஊரின் காவல் தலைவரை எல்லோரும் தாடி என்பார்கள். நெஞ்சு வரைக்கும் தாடி. தண்ணீரிலிருந்து வந்தால் துணியைப் பிழிகிற மாதிரி அதைப் பிழிந்துவிட்டுத்தான் பேசுவார். அவர் முதலில் இங்கே வந்து தங்கினார். அக்காவோடு காவல் மேடையில் நின்றார், குட்டிப் பையன்களோடு சேர்ந்து 'மஞ்சள் பறந்தா மடி' என்று கத்தினார், டிரைவர் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து ஊரைச் சுற்றினார். டிரைவருக்கு ஆளை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பிறகு அக்கா அங்கே போனார்.

அங்கே போன முதல் நாளே கடல் மஞ்சளில் இருந்தது. அக்கா கொடிக்கம்பத்தின் கீழ் நின்று பார்த்தார். வயதானவர்கள், குழந்தைகள், யாரும் வீடு திரும்பவில்லை. எல்லோரும் முழங்கால் தண்ணீரில் நின்று விளையாடிக்கொண்டிருந்தார்கள். தன் ஊரில் இப்படி ஒரு நாள் வந்தால் சிவப்பைக் கட்டி மொத்தக் கரையையும் காலி செய்துவிடுவோமே என்று அவருக்குத் தோன்றியது. தாடி பக்கத்தில் வந்து நின்றார். தூரத்தில், அலை உடையாமல் தண்ணீர் மட்டும் கலங்கலாக உள்ளே போகும் இடத்தைக் கைகாட்டினார்.

"அங்கதான், தங்கச்சி. உங்க ஊருப் பையனை நான்தான் தூக்கினேன். தூக்கும்போதே தெரிஞ்சுபோச்சு."

அன்றைக்கு முழுவதும் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

கூட்டம் நடந்த நாளில் முதலில் பேசியது தாடி. மனிதர் மஞ்சளுக்காகப் பொளந்து கட்டினார். சாம்பல் கடலுக்கும் நீலக் கடலுக்கும் மஞ்சள்தான் எடுப்பாகத் தெரியும் என்றார். நிறக்குருடு உள்ளவர்களுக்குப் பச்சையும் சிவப்பும் ஒன்றுதான், மஞ்சள் தப்பாது என்றார். அந்த ஊர்ப் பிள்ளைகள் வாயில் அது பாட்டாகவே இருக்கிறது என்று சொல்லி, பாடியும் காட்டினார். சபை கைதட்டியது. அக்காவுக்கே தன் கொடியின் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்து அக்கா எழுந்தார். இருமலாம் என்றுதான் வாயைத் திறந்தார். வந்தது இருமல் இல்லை. "எங்க தெருவுல ஒரு தையல்காரர் இருக்காரு. அவருக்கு ஒரு தம்பி இருந்தான்" என்று தொடங்கிவிட்டார். எழுதி வைத்திருந்த தாள் மேசையிலேயே கிடந்தது. இரண்டு நிறம் மட்டும் இருந்தால் கடல் நல்லது, கெட்டது என்று இரண்டே வகைதான் மக்கள் மனதில் நிற்கும், கடலுக்கு நடுவாந்திரமான குணம்தான் அதிகம், அதைச் சொல்ல ஒரு நிறம் வேண்டும் என்றார். தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வரி இன்னொரு ஊர்க் கரையில் என்ன செய்தது என்று சொன்னார். குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டுவிட்டுப் பேசினார். அக்கரை ஊர்த் தலைவியின் மொழிபெயர்ப்பாளர் இடையில் நிறுத்தி மூக்கைச் சிந்த வேண்டியதாயிற்று.

கை தூக்கச் சொன்னார்கள். பச்சைக்கு நான்கு கைகள் எழுந்தன. அதில் ஒன்று அக்காவுடையது. மஞ்சளுக்கு ஒரே ஒரு கை. அது தாடியுடைய கை. தான் பேசியதில் தானே மயங்கிப்போயிருந்தார் மனிதர்.

இப்படியாகத் தன் ஊர்க் கொடியைத் தன் வாயாலேயே தோற்கடித்துவிட்டு அக்கா ஊர் திரும்பினார்.

ஊர் கொதித்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாள் என்றார்கள். ஐந்து ஊரில் நாம் மட்டும் ஏன் மாற வேண்டும் என்று தெருமுனையில் கேட்டார்கள். மற்ற மூன்று ஊரும் மாறுகின்றன என்று சொன்னால் யார் காதிலும் ஏறவில்லை. வார்டு கவுன்சிலர் கண்டனம் என்றார். அதெல்லாம் அக்காவுக்குத் தூசி. வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி இருந்ததுதான் பெரும்பாடு.

"உன்னை இருமச் சொன்னேன், நீ அழுதுட்டு வந்திருக்க."

"ஏங்க, நீங்க டிரைவர்தானே? ரோட்டுல சிக்னல்ல மஞ்சள் விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

"முன்னாடி வண்டி இல்லேன்னா அழுத்திப் போவேன்."

"போலீஸ்கிட்ட சொல்றேன் இருங்க."

"ரோடு வேற, கடல் வேற. பச்சையைப் பார்த்து எறங்க நான் என்ன லாரியா? என் மஞ்சள் வர்ற வரைக்கும் நான் கடல்ல கால் வைக்கப் போறதில்ல."

காலை டூட்டி முடிந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்குப் போய் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வருவது அவருடைய பல வருஷப் பழக்கம். அதையே விட்டுவிட்டார். வீட்டுக் குழாயடியில் பக்கெட் தண்ணீரில் குளித்துவிட்டு, ஏதோ தியாகம் செய்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

ஆனால் அவருக்கு உள்ளூர இருந்த பயம் வேறு. பழக்கம் என்பது லேசில் போகாத ஒன்று. ஊரே மஞ்சளைக் கண்டால் இறங்கும் ஊர். இனி மஞ்சள் பறக்கப்போவது இழுப்பு ஓடும் நாளில். யாராவது ஒருவர் மறந்து இறங்கினால்? அங்கே ஓர் உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று இங்கே ஓர் உயிரை விட்டுவிட்டால், எந்த முகத்தோடு தையல் கடையைத் தாண்டிப் போவது? படுத்தால் இதே யோசனை. தாடிக்குப் போன் போட்டுப் புலம்பினார். அவர் தன் ஆட்களில் இரண்டு பேரை அனுப்பிவைத்தார். அக்கரை ஊர்த் தலைவி, தங்கள் ஊரில் முன்பு இப்படி மாற்றியபோது என்ன செய்தோம் என்று சொல்லி அனுப்பினார்: பழைய நிறத்தைக் கொஞ்ச காலம் கண்ணிலேயே காட்டாதே.

அப்படியே செய்தார்கள். கடல் அமைதியாக இருக்கும் பருவம் முழுக்கப் பச்சை, மோசமான நாளில் சிவப்பு, இரண்டு மட்டுமே பறந்தன. நடுவாந்திரமான நாளிலும் சிவப்பையே கட்டினார்கள். ஊரில் ஓர் இடத்திலும் மஞ்சள் கொடி கிடையாது. பள்ளிக்கூடங்களில் புது வரி சொல்லிக்கொடுத்தார்கள்: "பச்சைன்னா குளி, மஞ்சள்னா முழங்கால், சிவப்புன்னா மணல்." பிள்ளைகளுக்கு அது ஒட்டவில்லை. "எதுகையும் இல்ல, மோனையும் இல்ல, இதெல்லாம் ஒரு பாட்டா?" என்றார் டிரைவர். பஸ்களின் முதுகிலெல்லாம் அதே வரியைப் பெரிய எழுத்தில் ஒட்டினார்கள். டிரைவரின் பஸ்ஸிலும் ஒட்டினார்கள். அன்றிலிருந்து டிப்போவில் அவர் பஸ்ஸை முதுகு சுவரைப் பார்க்கிற மாதிரிதான் நிறுத்துவார்.

முதல் மஞ்சள் நாள் வந்தது. விடிந்ததும் அக்கா வழக்கம்போல ஒரு மரத்துண்டைத் தண்ணீரில் வீசிப் பார்த்தார். அது கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி நேராக உள்ளே போயிற்று. இழுப்பு. ரொம்ப மோசமில்லை, ஆனால் இருக்கிறது. தையல்காரர் தைத்துக் கொடுத்திருந்த புது மஞ்சள் கொடியை அக்கா தன் கையாலேயே ஏற்றினார். எல்லாக் காவலரையும் மிதவையோடு தண்ணீர் ஓரத்திலேயே வரிசையாக நிறுத்தினார்.

மக்கள் வந்தார்கள். கொடியைப் பார்த்தார்கள். சிலர் இறங்கப்போய், சட்டென்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். சிலரைக் காவலர்கள் நிறுத்தினார்கள். வெயில் ஏற ஏற, முழங்கால் தண்ணீரில் ஒரு பெரிய கூட்டமே சேர்ந்துவிட்டது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அப்பாடா என்று அக்கா மேடையில் போய் உட்கார்ந்து ஒரு டம்ளர் டீயை வாயில் வைத்தார்.

அப்போதுதான் டிரைவர் டூட்டி முடிந்து அந்தப் பக்கமாக வந்தார். கம்பத்தில் மஞ்சள் பறப்பதைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "வந்துட்டியா ராஜா!" என்று கொடியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். துண்டை மணலில் எறிந்தார். காவலர் வரிசைக்கு அப்பால், பாறை ஓரமாக அவர் எப்போதும் இறங்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே போய், மாதக் கணக்கில் கடலைப் பிரிந்திருந்த மனிதர், கிடுகிடுவென்று இறங்கினார்.

அக்கா விசில் ஊதினார். டிரைவர் திரும்பி, சந்தோஷமாகக் கையாட்டினார்.

அந்தக் கையாட்டலை அக்கா ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். டம்ளர் எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. ஏணியில் இறங்கினாரா குதித்தாரா என்று அங்கிருந்தவர்கள் இன்றைக்கும் வாதிடுவார்கள். மிதவையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அதற்குள் டிரைவரின் கால் தரையை விட்டிருந்தது. இழுப்புக்கு எதிரே கரையை நோக்கி நீந்திப் பார்க்கிறார், கரை தள்ளித் தள்ளிப் போகிறது. நீந்தத் தெரிந்தவர்தான். அதனாலேயே விடாமல் நீந்திக் களைத்துக்கொண்டிருந்தார். அக்கா நெருங்கி மிதவையை அவர் மார்பில் தள்ளினார்.

"பிடிங்க! நீந்தாதீங்க! சும்மா பிடிச்சுக்கங்க!"

"மஞ்சள்..." என்றார் டிரைவர், உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு.

"ஆமா, மஞ்சள்! வாயை மூடிட்டு என்கூட வாங்க!"

கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் அவரை இழுத்துக்கொண்டு போய், இழுப்பு விட்ட இடத்தில் கரையேற்றினார். இரண்டு காவலர்கள் ஓடிவந்து தாங்கிக்கொண்டார்கள். முழங்கால் தண்ணீரில் நின்ற மொத்தக் கூட்டமும் சுற்றி வந்து நின்றுவிட்டது. அக்கா முதலில் அவர் முதுகில் நாலு தட்டு தட்டினார். அது தண்ணீரை வெளியேற்றவா, கோபத்திலா என்று யாருக்கும் விளங்கவில்லை. அப்புறம் அத்தனை பேர் முன்னாலும் அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

"எனக்குத் தெரியும்டி. மஞ்சள்னா முழங்கால்னு நல்லாத் தெரியும். தெனமும் அதை முதுகுல ஒட்டிக்கிட்டுத்தானே ஓட்டறேன்" என்றார் டிரைவர், மூச்சு வாங்க. "ஆனா கால் கேக்கலை. பார்த்ததும் அது பாட்டுக்குப் போயிடுச்சு."

மாநகராட்சி எத்தனையோ நோட்டீஸ் அடித்தது, ஒலிபெருக்கியில் கத்தியது. அவை எதுவும் செய்யாததை அந்த ஒரு காலைப்பொழுது செய்துவிட்டது. விசில் அக்கா தன் வீட்டுக்காரரையே மஞ்சளில் இருந்து இழுத்துப்போட்ட கதை பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பரவியது. டிரைவர் பஸ்ஸை எடுத்தால் பயணிகள் பின் சீட்டிலிருந்து விசில் அடித்தார்கள். "முழங்காலோட நிறுத்துங்க அண்ணே!" என்றார்கள். கொஞ்ச நாள் முறைத்துப் பார்த்தார், அப்புறம் அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தப் பருவம் முழுக்க மஞ்சள் பல நாள் பறந்தது. ஒருவர்கூட மறந்து இறங்கவில்லை. பஸ்ஸும் டிப்போவில் முதுகைக் காட்டி நிற்க ஆரம்பித்தது.

அடுத்த கோடையில் கடற்கரைத் தெருக்காரர்கள் சேர்ந்து வடக்கு ஊருக்கு ஒருநாள் சுற்றுலா போனார்கள். பஸ்ஸை ஓட்டிப்போனது டிரைவர்தான். தையல்காரரும் வருகிறேன் என்று வந்து ஏறினார். தம்பி போனதிலிருந்து அவர் அந்தத் திசைக்கே போனதில்லை. அதனால் அவருக்கு ஜன்னல் ஓரம் இடம் விட்டுக்கொடுத்தார்கள். அக்காவுக்கு டூட்டி. அன்றைக்கு இங்கே மஞ்சள். இங்கே மஞ்சள் என்றால் அங்கேயும் மஞ்சளாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மேடையில் நின்று இந்தக் கடலைப் பார்த்துக்கொண்டே அந்தக் கடலை நினைத்துக்கொண்டிருந்தார். நேரம் நகரவே மாட்டேன் என்றது.

மதியத்துக்கு மேல் தாடியிடமிருந்து போன் வந்தது.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரர் மேல ஒரு புகார்."

"என்ன அண்ணே? என்ன ஆச்சு?"

"என் விசிலை வாங்கிட்டு திருப்பித் தரமாட்டேங்கறாரு. கரையோரமா அங்கேயும் இங்கேயும் நடந்து ஊதிட்டே இருக்காரு. உங்க ஊருக்காரங்கள மட்டுமில்ல, எங்க ஊருக்காரங்களையும் முழங்காலுக்கு மேல விடமாட்டேங்கறாரு. என் ஆளுங்க எல்லாம் உக்காந்து டீ குடிக்கறாங்க."

அக்கா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர வர, மேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கீழே நின்ற காவலர்கள், அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று அண்ணாந்து பார்த்தார்கள். தையல்காரரின் தம்பி போன அன்றைக்கு, இப்படி முழங்காலோடு மறித்து நிறுத்த ஓர் ஆள் அங்கே இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்ததும் சிரிப்பு நின்றது. போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் டிரைவரே கூப்பிட்டார். குரல் வழக்கம்போல இல்லை, அடங்கி இருந்தது.

"கிளம்பிட்டீங்களா?" என்றார் அக்கா.

"இன்னும் இல்ல. எல்லாரும் பஸ்ல ஏறியாச்சு. தையல்காரர் மட்டும் வரல."

"ஐயோ, எங்க போனாரு?"

"எங்கயும் போகல. கொடிக்கம்பத்துக்குக் கீழதான் இருக்காரு. ரொம்ப நேரமா அண்ணாந்து பார்த்துட்டே நின்னாரு. அழுவாருன்னு நெனச்சேன். அழல. தாடியைக் கூப்பிட்டு, 'இந்தக் கொடி சின்னதா இருக்குங்க, தூரத்துல இருந்து ஓடி வர்றவனுக்குக் கண்ணுல படாது. பெருசா நான் தெச்சு அனுப்பறேன்'னாரு."

"தாடி என்ன சொன்னாரு?"

"உடனே ஏணியைக் கொண்டுவந்து சாத்திட்டுப் பிடிச்சுக்கிட்டாரு. இவரு மேல ஏறி டேப்பு வெச்சு அளந்துட்டிருக்காரு. காத்துல கொடி நிக்க மாட்டேங்குது, திரும்பத் திரும்ப அளக்கறாரு. வண்டியை எடுக்க நேரமாயிடுச்சு. ஆனா நான் ஹாரன் அடிக்கப் போறதில்ல. அவரு அளந்து முடிக்கட்டும்."